எலுமிச்சை விதை போட்டதில் நாலு கன்று பால்வெள்ளையாக வந்திருக்கிறது. பிழைக்க வைக்க வழி உண்டா?

கரிசல்சரசு (சாத்தூர்):

எல்லாருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

அம்மா வீட்டுக் கிணற்றடியில் ஒரு எலுமிச்சை மரம் நின்றது. ஊறுகாய்க்கென்றே பிறந்த மரம். தோல் காகிதம்போல மெல்லிசாக இருக்கும், ஒரு பழத்தைப் பிழிந்தால் இரண்டு பேருக்குத் தாராளமாக ஜூஸ் போடலாம். வைகாசியில் வீட்டை விற்றுவிட்டோம். வாங்கியவருக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமாம், வந்த வாரமே மரத்தை வெட்டிவிட்டார். அதற்கு முந்தின நாள் தம்பி போய்க் கைக்கு எட்டியதைப் பறித்துக்கொண்டு வந்தான். மொத்தம் ஒன்பது பழம். ஏழு ஊறுகாய்க்குப் போய்விட்டது, அப்போது எனக்குப் புத்தி வரவில்லை. மிச்சம் இரண்டு ஃபிரிட்ஜில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தன. ஒரு நாள் காய்கறித் தட்டைக் கழுவ எடுத்தபோதுதான் கண்ணில் பட்டன. அதில் ஒன்று காம்பருகே கறுத்து, தொட்டால் மெத்தென்று இருந்தது. விட மனசில்லை. இரண்டையும் அறுத்து விதை எடுத்தேன், 23 தேறியது.

தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், கொஞ்சம் ஆற்று மணல். தயிர் டப்பா மூன்றிலும், கைப்பிடி உடைந்த குளியலறை மக் ஒன்றிலும் போட்டு, படிக்கட்டுக்கு அடியில் வைத்தேன். பதினெட்டாம் நாள் முதல் முளை. இன்று வரை 16 வந்திருக்கிறது. அதில் 4 வெள்ளை.

வெள்ளை என்றால் சோகை பிடித்த மஞ்சள் இல்லை. உடைத்த தேங்காயின் உள்பக்கத்து வெள்ளை. தண்டின் அடியில் மட்டும் லேசாக ரோஸ் ஓடுகிறது. ஒரு இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், நரம்பெல்லாம் கண்ணாடி நூல் மாதிரித் தெரிந்தது. இலைக்காம்புக்குப் பக்கத்தில் மயிர்போல ஒரு முள், அதுவும் வெள்ளை. இவ்வளவு அழகாக ஒரு செடியை நான் பார்த்ததில்லை. அதுதான் பிரச்சினையே, ஒரு நாளைக்கு நாலு தடவை மாடி ஏறி எட்டிப் பார்க்கிறேன்.

மாமியார், இது அம்மன் சமாசாரம், மஞ்சள் துணி கட்டு என்கிறார். எதிர்வீட்டு அண்ணாச்சி, வெள்ளெருக்கு மாதிரி இதற்கும் நல்ல கிராக்கி இருக்கும், ஆயிரம் ரூபாய் தருகிறேன், கொடுத்துவிடு என்கிறார். என் சந்தேகங்கள் வேறு.

எங்கள் ஊர் போர்த் தண்ணீர் உப்பு, அதனாலா? படிக்கட்டுக்கு அடியில் வெளிச்சம் குறைவு. முளைப்பாரியை இருட்டு அறையில் வளர்த்தால் வெளுத்து வருமே, அது மாதிரியா? அப்படியானால் வெளியில் எடுத்து மாடியில் வைத்து ஆறு நாளாகிறது, ஏன் இன்னும் பச்சை கட்டவில்லை? பச்சையம் இல்லாவிட்டால் சாப்பாடு கிடையாது என்று பேத்தியின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அப்படியென்றால் நாம் சீனித் தண்ணீர் கொடுத்தால் ஆகாதா?

அந்த மரத்தில் மிஞ்சியது இந்தப் பதினாறுதான். ஒன்றைக்கூட விட எனக்கு மனசு வரவில்லை.

---

மாடிமுருங்கை (திருப்பூர்):

அக்கா, இது இரும்புச் சத்துக் குறைபாடு. கரிசல் மண்ணும் உப்புத் தண்ணியும் சேர்ந்தால் இப்படித்தான். ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் அன்னபேதி என்கிற இரும்பு உப்பு, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. இலையில் படுகிற மாதிரி தெளியுங்கள். ஒரு வாரத்தில் பச்சை வரும்.

---

கரிசல்சரசு:

ரொம்ப நன்றி தம்பி. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி கிடைத்தது. நேற்றுச் சாயங்காலம் நாலு வெள்ளைக்கும் அடித்துவிட்டேன். இன்று காலையில் பார்த்தால் இரண்டில் இலை ஓரம் பழுப்பாகப் பொசுங்கின மாதிரி இருக்கிறது. அளவு கூடிவிட்டதோ?

---

பதியன்காரன் (பெரியகுளம்):

அம்மா, மேற்கொண்டு எதையும் அடிக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நான் இருபத்திரண்டு வருடம் நாற்றுப்பண்ணை வைத்திருந்தவன். இப்போது மகன் பார்க்கிறான், நான் திண்ணை. எலுமிச்சை நாற்று மட்டும் வருடத்துக்குச் சில ஆயிரம் போடுவோம். எங்கள் ஊர் தோட்டக்கலைக் கல்லூரியில் வந்த பி.கே.எம். 1 ரகம்தான் அதிகம். எலுமிச்சைக்கு நம் பக்கத்தில் இன்றும் விதைக் கன்றுதான் ஓட்டம். அதனால் இந்த வெள்ளைப் பயல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாத்தியில் பச்சைக்கு நடுவே நின்றால் யாரோ காகிதத்தைக் கிழித்துப் போட்ட மாதிரி இருக்கும்.

முதலில் திருப்பூர் தம்பிக்கு. நீங்கள் சொன்ன நோய் உண்மையிலேயே இருக்கிறது தம்பி, மருந்தும் சரியானதே. ஆனால் ஆள் மாறிப்போச்சு. இரும்பு பற்றாவிட்டால் புதுத் துளிர் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், வலை போட்ட மாதிரித் தெரியும். இங்கே நரம்பே வெள்ளை என்கிறார் அம்மா. தவிர, ஒரே மண், ஒரே தண்ணீர், பக்கத்துக் கன்று பச்சை. தண்ணீர் குற்றம் என்றால் பதினாறும் வெளுத்திருக்க வேண்டும். அன்னபேதி அந்த அளவில் வளர்ந்த செடிக்குத் தாங்கும், இரண்டு விரல் உயரக் கன்றுக்கு அது நெருப்பு.

முளைப்பாரி சந்தேகம் நல்ல சந்தேகம். முளைப்பாரிப் பயிர் இருட்டில் மஞ்சளாகத்தான் வரும். அதற்குள் பச்சையத்துக்கான சரக்கெல்லாம் முக்கால்வாசி தயார். கடைசிப் படிக்கு மட்டும் வெளிச்சம் வேண்டும். அதனால்தான் ஊர்வலம் போய்வந்த மிச்சத்தை வெயிலில் விட்டால் ஒன்றிரண்டு நாளில் பச்சை கட்டிவிடும். உங்கள் கன்று ஆறு நாள் வெளிச்சத்தில் இருந்தும் அசையவில்லை. சரக்கே இல்லை, அல்லது சரக்கு செய்கிற பட்டறை கெட்டுக் கிடக்கிறது.

பட்டறை ஏன் கெட்டது? இதற்குத்தான் நான் ஒன்று கேட்க வேண்டும். நாலு வெள்ளையும் எந்த டப்பாவில் வந்தவை? காம்பருகே கறுத்த பழத்தின் விதையை எங்கே போட்டீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், செடி வெள்ளையாகப் பிறப்பது பொதுவாகப் பிறவிக் கோளாறு. தாய் தகப்பன் இரண்டு பக்கமும் மறைந்து கிடந்த குறை பிள்ளையில் சேர்ந்தால் வெளியே தெரியும். நெல், சோளம், மிளகாய் எல்லாவற்றிலும் உண்டு. தன்னைத்தானே சூல் கொண்ட செடி என்றால் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் வரும். ஆனால் எலுமிச்சை வகையறாவின் சுபாவம் வேறு. அதன் விதைக்குள் பல சமயம் ஒரு கரு இருக்காது, இரண்டு மூன்று இருக்கும். ஒன்றுதான் மகரந்தம் சேர்ந்து உண்டானது. மற்றவை தாயின் திசுவிலிருந்தே கிளைத்தவை, அச்சு அசல் தாய். தாய்மரம் பச்சையாக நின்றிருக்கும்போது அதன் நகல் பிறவியிலேயே எப்படி வெள்ளையாகும்? ஆகாது. ஆகவே எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு இதிலெல்லாம் கொத்தாக வெள்ளை வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பூசணத்தை. பழம் அழுகும்போது கறுப்புப் பூசணம், பச்சைப் பூசணம் என்று விதைத்தோலில் ஒட்டிக்கொள்ளும். சில பூசணம் கக்கும் விஷம் முளைக்கும் கருவுக்குள் போய்ப் பச்சையம் கட்டவிடாமல் செய்துவிடும். முளை சாகாது, அழுகாது, வெளுத்து மட்டும் வரும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வருடம் சந்தையில் கழித்துப் போட்ட பழம் மலிவாகக் கிடைத்தது என்று மூட்டையாக வாங்கி, கூலி மிச்சம் என்று அப்படியே குவித்துப் போட்டு, சதை அழுகினதும் அலசி விதைத்தேன். அந்தப் பாத்தியில் பத்துக்கு மூன்று வெள்ளை. அப்புறம் விசாரித்ததில், நல்ல பழமாகப் பார், அறுத்த அன்றே அலசு, வெளித்தோலை உரித்துப் போடு என்றார்கள். நகத்தால் கூர்முனையைக் கிள்ளினால் வெள்ளைத் தோல் கழன்று வரும், உள்ளே பழுப்பாக ஒரு மெல்லிய தோல் இருக்கும். ஐம்பத்திரண்டு டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு எடுப்பதும் உண்டு. அது வேரழுகல் பூசணத்துக்காகச் செய்வது, இதற்கும் கெடுதல் இல்லை. ஆயிரக்கணக்கில் உரிக்க முடியாது என்பதால் நாங்கள் வெந்நீரோடு நிறுத்திக்கொண்டோம். 23 விதைதான் என்றால் உட்கார்ந்து உரித்துவிடலாம்.

வெள்ளையைக் காப்பாற்ற முடியுமா என்றால், மண்ணில் வைத்து முடியாது. இன்று அது உயிரோடு இருப்பது விதைப்பருப்பைத் தின்று. எலுமிச்சைக்குப் பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், அவரை விதை மாதிரி தலையில் தூக்கிக்கொண்டு வராது. ஒரு கன்றின் அடியை லேசாகக் கிளறிப் பாருங்கள், பருப்பு சுருங்கிக்கொண்டு வருவது தெரியும். அது தீர்ந்தால் கதை முடிந்தது. மூன்று வாரம், மிஞ்சினால் ஒன்றரை மாதம். அதுவரை அழகு பார்க்க வேண்டுமானால் வெயில் காட்டாதீர்கள். பச்சை இலைக்கு வெயிலைத் தாங்க உள்ளே வேறு நிறமிகளும் உண்டு, வெள்ளைக்குப் பல சமயம் அதுவும் இருக்காது, பொசுங்கிவிடும். உங்கள் இலை ஓரம் கருகியதில் பாதிக் குற்றம் அன்னபேதி, பாதிக் குற்றம் வெயில்.

சீனித் தண்ணீர் எறும்புக்குத்தான் போகும். வேர் அதை இழுத்துப் பிழைக்கும் அளவுக்குக் கொடுத்தால் அதற்கு முன்னால் மண்ணெல்லாம் பூசணம் பூத்துவிடும்.

ஒட்டுக் கட்டிப் பார்க்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். நானும் பார்த்தேன். பச்சை நாற்றின் தலையைக் கிள்ளி, வெள்ளையின் குருத்தை ஆப்பாகச் சீவிச் செருகி, பாலிதீன் சுற்றி, டம்ளர் கவிழ்த்து வைத்தேன். நாலில் ஒன்று பிடித்தது. இரண்டு வெள்ளை இலை புதிதாக விட்டது, வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஐம்பதாம் நாள் அடிச்செடி சோர்ந்து இரண்டும் போய்விட்டது. பூந்தொட்டிக் கடையில் சிவப்பு உருண்டை வைத்து மூன் கேக்டஸ் என்று விற்கிறார்களே, அது இந்த வித்தைதான். அந்தச் சிவப்புத் தலைக்குப் பச்சையம் கிடையாது, கீழே உள்ள டிராகன் பழக் கள்ளித் தண்டு சமைத்துப் போடுகிறது. ஜப்பானில் 1941-இல் விதைத் தட்டில் தற்செயலாகச் சிவப்பாக முளைத்த கன்றை ஒட்டுக் கட்டிக் காப்பாற்றியதில் ஆரம்பித்த வியாபாரம். கள்ளி கொழுத்த ஆள், ஒரு உருண்டையை இரண்டு மூன்று வருடம் சுமக்கும். விரல் நீள எலுமிச்சை நாற்றால் ஆகாது.

எதிர்வீட்டு அண்ணாச்சிக்குச் சொல்லுங்கள்: வெள்ளெருக்கில் பூதான் வெள்ளை, இலை பச்சை. அதனால்தான் அது மரமாட்டம் நிற்கிறது. ஆயிரம் ரூபாயை வாங்கிவிட்டு மாசக் கடைசியில் மனஸ்தாபம் வேண்டாம்.

---

கரிசல்சரசு:

ஐயா, நேரில் வந்து கும்பிட வேண்டும் போல இருக்கிறது.

கறுத்த பழத்தின் விதை நீல மக்கில் போட்டேன், ஒன்பது. முளைத்தது ஐந்து. வெள்ளையில் மூன்று அதில்தான்! நாலாவது தயிர் டப்பாவில் இருக்கிறது, அது எப்படி என்று தெரியவில்லை. பேத்தி மண்ணைக் கிளறி விளையாடியபோது இடம் மாற்றியிருக்கலாம். கேட்டால் இல்லை என்கிறாள், முகத்தைப் பார்த்தால் ஆமாம் என்றிருக்கிறது.

இன்னொன்று. நீல மக்கில் ஒரே விதையிலிருந்து இரட்டையாக வந்திருக்கிறது. இரண்டுமே வெள்ளை. அதையும் சேர்த்துத்தான் நாலு என்றேன். நீங்கள் சொன்ன கணக்குப்படி அந்த இரட்டையில் ஒன்றாவது அம்மா வீட்டு மரத்தின் நகலா?

---

பதியன்காரன்:

அப்படித்தான் நினைக்கிறேன். இரட்டை இரண்டும் ஒன்றாக வெளுத்தது பூசணத்துக்கு இன்னொரு சாட்சி. வேறு வேறு கருவாக இருந்தும் ஒரே விஷத்தைக் குடித்திருக்கின்றன.

தயிர் டப்பா வெள்ளையை மட்டும் தனியாகப் பாருங்கள். பேத்தி சொல்வது நிஜமானால் அது பிறவியாகவும் இருக்கலாம்.

---

செம்மரத்தடி (சான் ஹோசே, கலிஃபோர்னியா):

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இதற்கு நேர் எதிரான கதை ஒன்று இருக்கிறது, அதனால் நுழைகிறேன்.

இங்கிருந்து மலை தாண்டி சான்டா குரூஸ் பக்கம் போனால் ஹென்றி கோவெல் என்று ஒரு பூங்கா. வானத்தைத் தொடும் ரெட்வுட் மரங்கள். அந்தக் காட்டுக்குள் சில மரங்களின் தூரில் வெள்ளைக் கிளைகள் உண்டு. ஆள் உயரத்துக்கும் மேலே புதர்போல நிற்கும். தூரத்தில் பார்த்தால் யாரோ மாவைக் கொட்டிய மாதிரி. இலையைத் தொட்டால் பச்சை இலையின் விறைப்பு இல்லை, தளதளவென்று இருக்கும். பச்சையம் துளியும் இல்லாமல் பல வருடம் நிற்கக் காரணம், அது தனிச் செடியே இல்லை. தாய்மரத்தின் வேரிலிருந்து தளிர்த்தது, சாப்பாடு தாயுடையது. பதியன் ஐயா சொன்ன ஒட்டு அங்கே இயற்கையாகவே கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிச்செடி அறுபது மீட்டர் மரம், அதனால் சுமை தெரிவதில்லை.

மொத்தமே சில நூறுதான் கணக்கில் இருக்கின்றன. எங்கே நிற்கிறது என்று பூங்காக்காரர்கள் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், ஆளுக்கொரு கொப்பு ஒடித்துவிடுவார்கள் என்று பயம். நாங்கள் மூன்றாம் தடவை போனபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்த வெள்ளை இலைகளைச் சோதித்தபோது நிக்கல், செம்பு, காட்மியம் எல்லாம் பச்சை இலையைவிட அதிகமாக இருந்ததாம். மரம் தனக்கு ஆகாத உலோகத்தை ஒரு மூலையில் ஒதுக்கிவைக்கிறதோ என்று 2016 வாக்கில் ஒரு கருத்து வந்தது. ஒட்டுண்ணி என்று நினைத்தால் அது குப்பைக்கூடையாக வேலை பார்க்கிறதோ என்னவோ.

சரசம்மா, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில், பின்னால் கறுப்புத் துணி வைத்து எடுத்தால் நன்றாக வரும்.

---

குடுவைக்கன்று (கோயம்புத்தூர்):

சீனித் தண்ணீர் கேள்வியை ஐயா கொஞ்சம் சீக்கிரமே தள்ளிவிட்டார். நான் திசு வளர்ப்புக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், எங்கள் பிழைப்பே சீனித் தண்ணீர்தான். குடுவையில் ஊற்றும் கூழில் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை இருக்கும். அதற்குள் பூசணம் வராதபடி எல்லாவற்றையும் கொதிகலனில் வேகவைத்து, கண்ணாடி அறைக்குள் கை விட்டுத்தான் கன்றை வைப்போம். அந்தக் குடுவைக்குள் வெள்ளைக் கன்று மாதக்கணக்கில் சௌக்கியமாக இருக்கும், பக்கக் கன்றுகூட விடும். வெளியே எடுத்து மண்ணில் நட்ட நாளிலிருந்து எண்ண ஆரம்பிக்கலாம். வீட்டில் செய்ய முடியாது என்பதில் ஐயா சொன்னதுதான் சரி.

வேண்டுமென்றே வெள்ளையாக்குகிற கூத்தும் உண்டு. மரபணுவைத் திருத்தும் முறை ஒரு பயிரில் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால், நிறமி தயாரிக்கிற ஒரு மரபணுவை முதலில் வெட்டிப் பார்ப்பார்கள். வெட்டு சரியாக விழுந்தால் கன்று வெள்ளை. கண்ணாலேயே தெரிந்துவிடும், வேறு சோதனை தேவையில்லை. 2018-இல் மொகாலியில் உள்ள மத்திய அரசின் வேளாண் உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தில் நம் ரஸ்தாளியை இப்படி வெள்ளையாக்கியிருக்கிறார்கள். படத்தில் அந்தக் குடுவை ரஸ்தாளியைப் பார்த்தபோது எனக்கும் சரசம்மா மாதிரிதான் இருந்தது.

யாருக்காவது வீட்டில் அந்திமந்தாரை இருந்தால் ஒன்று பாருங்கள். சிலவற்றில் ஒரு கிளை பச்சை, ஒரு கிளை வெள்ளை, ஒரு கிளை இரண்டும் தெளித்த மாதிரி இருக்கும். வெள்ளைக் கிளையின் விதையை எடுத்துப் போட்டால் எல்லாமே வெள்ளையாக முளைத்துச் சாகும். பச்சைக் கிளையின் விதை எல்லாமே பச்சை. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தது என்பது கணக்கே இல்லை. ஜெர்மனியில் காரென்ஸ் என்பவர் 1909-இல் இதை எழுதினார். பச்சையம் இருக்கிற கணிகம் முட்டை வழியாகத்தான் பிள்ளைக்குப் போகிறது, மகரந்தம் வழியாகப் போவதில்லை என்பது இதிலிருந்துதான் பிற்பாடு விளங்கியது. தாய் தகப்பன் இரண்டு பக்கமும் சமமாகப் பங்கு கொடுக்கும் என்ற மெண்டல் கணக்குக்கு அடங்காத முதல் செடிகளில் ஒன்று நம் வாசலில் சாயங்காலம் பூக்கிற செடி. எங்கள் பாட்டி அதன் விதையை மிளகு என்று சொல்லி என்னை ஏமாற்றியிருக்கிறார்.

தொட்டியில் பச்சையும் வெள்ளையும் கலந்த மணி பிளான்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு உபரித் தகவல்: முழு வெள்ளைக் கொடி வந்தால் ஆசைப்பட்டு அதை மட்டும் வெட்டித் தண்ணீரில் போடாதீர்கள். பச்சைத் திட்டு உள்ள கணுவோடு சேர்த்து வெட்டுங்கள்.

---

மாடிமுருங்கை:

சரசக்கா, தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னிச்சுக்கோங்க. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே சொல்லிட்டேன். நரம்பைப் பார்க்க வேண்டும் என்று தெரியாது.

---

கரிசல்சரசு:

தம்பி, அதை விடு. அடித்தது நான்தானே.

பத்தொன்பது நாள் கழித்து வருகிறேன். நடந்ததை எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

அன்னபேதியில் பொசுங்கின இரண்டும் முதலில் போயின. இலை உதிரவில்லை, அப்படியே காய்ந்து சோளப்பொரித் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. இரட்டையில் ஒன்று பன்னிரண்டாம் நாள். ஐயா சொன்னபடி அதன் அடியைக் கிளறிப் பார்த்தேன். பருப்பு இருந்த இடத்தில் ஈரமான காகிதச் சுருள் மாதிரி வெறும் தோல். பக்கத்துப் பச்சைக் கன்றில் பருப்பு இன்னும் பாதி கெட்டியாக இருந்தது. இதுவும் தின்கிறது, அதுவும் தின்கிறது, ஆனால் பச்சை வெளியிலும் சம்பாதிக்கிறது போல.

தயிர் டப்பா வெள்ளை இன்னும் இருக்கிறது. நாலாவது இலை விட்டிருக்கிறது, அதில் ஒரு ஓரத்தில் கடுகு அளவுக்குப் பச்சைத் திட்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தேன், பாசி இல்லை, இலைதான். படம் போட்டிருக்கிறேன், கறுப்புத் துணிக்கு என் பழைய குடை.

மாமியார் கட்டிய மஞ்சள் துணி அப்படியே இருக்கிறது. அதனால் கெடுதல் இல்லையே?

ஐயா, கேட்க நினைத்ததே வேறு. பச்சை பன்னிரண்டில் அம்மா வீட்டு மரத்தின் நகல் எது, மகரந்தத்தில் வந்தது எது என்று கண்டுபிடிக்க முடியுமா? பெரிய தொட்டி ஐந்துக்குத்தான் மாடியில் இடம்.

---

பதியன்காரன்:

துணி இருக்கட்டும், தண்டை இறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் பார்த்தேன். அது திட்டுத்தான். அடுத்த துளிரில் அது பெரிதானால் பிழைக்க ஒரு நூல் இருக்கிறது. விஷம் குறைவாக ஏறிய கன்று அப்படித் தெளிந்து நான் பார்த்திருக்கிறேன், இரண்டோ மூன்றோ. ஆசையை வளர்க்காமல் நிழலிலேயே வையுங்கள்.

நகலைக் கண்டுபிடிக்கப் பண்ணையில் நாங்கள் செய்வது இதுதான். ஆறு மாதம் போகட்டும். பன்னிரண்டையும் வரிசையாக நிறுத்துங்கள். பெரும்பாலானவை ஒரே உயரம், ஒரே இலை, ஒரே முள்ளாக இருக்கும். அவை தாயின் நகல். ஒன்றிரண்டு மட்டும் குட்டையாக, அல்லது அசுரத்தனமாக, அல்லது இலைக்காம்பின் சிறகு வேறு மாதிரி இருக்கும். அவற்றைக் கழித்துவிடுவோம். நூற்றுக்கு நூறு சரி வராது, ஆனால் ஏமாந்தது குறைவு. இலையைக் கசக்கி மோந்தும் பாருங்கள். அந்த மரத்து வாசனை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

காய்க்க நாலைந்து வருடம். அதற்குள் வண்ணத்துப்பூச்சி வந்து முட்டை வைக்கும், பறவை எச்சம் மாதிரி ஒரு புழு ஒரே ராத்திரியில் கன்றை மொட்டையடித்துவிடும். இப்போதே இலைக்கு அடியில் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

---

கரிசல்சரசு:

எச்சம் மாதிரி ஒன்று நேற்றே பார்த்தேன். காக்கை எச்சம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவப் போனேன், அது நகர்ந்தது. இதோ மாடிக்கு ஓடுகிறேன்.